மலைப்பாதைக்கு எத்தனை விளக்கு வேண்டும்? ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் கவனத்துக்கு!

"ஐயா, ஜமுனாமரத்தூருக்கு உள்ளே தள்ளி எங்கள் கிராமம். நான்கு குடும்பம் சேர்ந்து பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறோம். பலா, புளி, சாமை எல்லாம் அதில்தான் போளூருக்கு இறக்குகிறோம். விடியற்காலைச் சந்தைக்கு நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. கூரை மேல் எல்.இ.டி. லைட் பார் மாட்டலாமா? எத்தனை வாட் பல்பு போடலாம்?"

ஜவ்வாது மலையிலிருந்து வந்த இந்தக் கேள்வியை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பி வைத்தது. வேளாண்மை படித்தவனிடம் ஜீப் விளக்கைப் பற்றிக் கேட்கிறார்களே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மலைக் கிராமங்களுக்கு விதையும் பயிற்சியும் கொண்டுபோகும் வேலையில் பல வருடம் இரவில் ஜீப் ஓட்டியவன் நான். இந்தக் கேள்வியில் இருக்கும் தவறை நானே செய்து, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

என்னிடம் அப்போது ஒரு பழைய ஜீப் இருந்தது. வட்டமான 7 அங்குல ஹெட்லைட். வெளிச்சம் மஞ்சளாக, மங்கலாக விழும். கீழே ஒரு கடைக்குப் போய் 100 வாட் பல்பு போட்டேன். கூரை மேல் இரண்டு பெரிய விளக்கும் மாட்டினேன். முதல் நாள் இரவு எதிர் மலையில் இருக்கும் மரமெல்லாம் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம். சாமைப் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் எதிரே பைக் வந்தது. ஓட்டியவர், பின்னால் அவர் மனைவி, நடுவில் ஒரு மூட்டை. நான் விளக்கை இறக்குவதற்குள் பைக் ஓரக் கால்வாயில் சரிந்துவிட்டது. நல்லவேளை, அது மலைப்பக்கக் கால்வாய். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தூக்கிவிட்டபோது அவர் என்னைத் திட்டவில்லை. "சார், உங்க லைட்டுதான் தெரிஞ்சுது, ரோடு தெரியலை" என்று மட்டும் சொன்னார்.

அதே மாதம் இன்னொரு நாள், மழையில், டேஷ்போர்டு பக்கம் ஒயர் கருகும் வாடை வந்தது. அடுத்த நிமிடம் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால். டார்ச் லைட்டோடு ஒருவர் முன்னே நடக்க, பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு இறங்கினோம்.

வயதான ஒரு எலெக்ட்ரீஷியன்தான் வழி காட்டினார். நான் மாட்டியதையெல்லாம் கழற்றினார். பழைய அளவு பல்பையே போட்டார். ஒயரை மாற்றி, ரிலே வைத்து, கண்ணாடியைத் துடைத்து, விளக்கின் குறியைச் சரிசெய்தார். அன்று இரவு ரோடு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. எதிரே வந்த யாரும் கண்ணை மூடவில்லை. அவர் செய்த அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: துணியும் தண்ணீரும்

செலவில்லாத வேலை இதுதான். மண்ரோட்டில் ஓடும் வண்டியின் ஹெட்லைட் கண்ணாடியில் படியும் புழுதி, வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். நமக்கு வெளிச்சம் குறையும், எதிரே வருபவருக்குக் கூசும். கிளம்பும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். விண்ட்ஷீல்டை வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் உள்பக்கமும் துடையுங்கள். வைப்பர் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

விளக்கின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்துப்போயிருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் பயன் இல்லை. முழு விளக்கையும் மாற்ற வேண்டியதுதான். பழைய ஜீப்புகளில் இது சுலபம். 7 அங்குல வட்ட விளக்கு 1940-லேயே அமெரிக்காவில் பொது அளவாக்கப்பட்டது. ஜீப்பும் அதே அளவோடு வளர்ந்ததால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

கண்ணையும் பாருங்கள். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எதிர் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். அதற்கு மருந்து ஜீப்பில் இல்லை, கண் மருத்துவரிடம் இருக்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா?

ஏரியில் தண்ணீர் இருந்தும் கடைமடை காய்வது ஏன்? வாய்க்கால் குறுகல், வழியெல்லாம் கசிவு. ஜீப் விளக்கிலும் அதே கதைதான். பேட்டரியிலிருந்து ஸ்விட்சுக்கு, அங்கிருந்து டிம்-பிரைட் ஸ்விட்சுக்கு, பிறகு பல்புக்கு என மெல்லிய பழைய ஒயரில் மின்சாரம் சுற்றி வருகிறது. வழியில் துருப்பிடித்த இணைப்புகள். பல்புக்கு வரும்போது வோல்டேஜ் குறைந்துவிடுகிறது.

ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் குறையும். பல்பு கெட்டுவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி, ஒயரின் குற்றம்தான்.

சோதிப்பது எப்படி? இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறை, பல்பு ஹோல்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒயரைக் கவனிக்க வேண்டும். முதலில் எர்த் இணைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாதி வண்டிகளில் நோய் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது ரிலே. இது மதகு மாதிரி. ஸ்விட்ச், மதகைத் திறக்கச் சொல்லிக் குரல் மட்டும் கொடுக்கும். தண்ணீர் அதன் வழியாக ஓடாது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் நேராக ரிலேவுக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். ரிலேயில் நான்கு முனைகள் இருக்கும். 30 என்று எழுதிய முனைக்குப் பேட்டரி ஒயர், 87-க்கு விளக்கு ஒயர். 85, 86 இரண்டில் ஒன்று ஸ்விட்சுக்கு, மற்றது எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் தீ பிடிக்கக் காத்திருக்கும் ஒயர். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான்.

களத்துச் சுவரில் ஒரு கோடு

மலையில் சமதரை கிடைப்பது அரிது. ஆனால் உங்கள் ஊரில் சிமென்ட் போட்ட நெற்களமோ, பள்ளி மைதானமோ இருக்கும். அதை ஒட்டிச் சுவர் இருந்தால் போதும்.

• நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். வழக்கமாக ஏற்றும் மூட்டைகளைப் பின்னால் ஏற்றுங்கள். பின்பாரம் ஏறினால் ஜீப்பின் மூக்கு தூக்கும், விளக்கும் வானம் பார்க்கும். வெறும் வண்டியில் குறி வைத்தால், சந்தைக்குப் போகும் நாளில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

• சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கோடு.

• டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். இடது ஓரம் மட்டும் சற்று மேலே ஏறியிருக்கும். அது நடந்து போகிறவரையும் சாலை ஓரத்தையும் காட்டுவதற்கு. வலது பக்கம் ஏறியிருந்தால், அது வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

• விளக்கைச் சுற்றியுள்ள திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வாட் கூடினால் வெளிச்சம் கூடுமா?

1971-ல் வந்த ஹெச் 4 பல்புதான் நம் ஜீப்புகளில் பரவலாக இருப்பது. பிரைட் 60 வாட், டிம் 55 வாட். இரண்டு டிம்மும் எரிந்தால் சுமார் 9 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டும் பிரைட்டில் எரிந்தால் சுமார் 17 ஆம்பியர். பழைய ஒயரும் ஸ்விட்சும் அதற்குச் செய்தவை அல்ல. என் ஜீப்பில் கருகியது இதனால்தான்.

ஹெச் 4 பல்பை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சத்தைத் தடுத்து, ரோட்டில் மட்டும் விழவைப்பது அதுதான். ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகும்போது, ஒளி வரும் இடமும் அளவும் மாறிவிடும். அந்தச் சிறு வித்தியாசமே வெளிச்சத்தைச் சிதறடிக்கப் போதும். முன்னால் பத்தடி பளீரென்று இருக்கும், தூரம் தெரியாது. எல்.இ.டி. வேண்டுமென்றால் பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்கென்றே செய்த, அங்கீகார முத்திரை உள்ள முழு 7 அங்குல விளக்காக வாங்குங்கள். சுவரில் கோடு கூர்மையாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொரு சிறு விஷயம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

கூடுதல் விளக்கு: எது, எங்கே?

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால், மலைக்கு ஏற்றது ஒரு ஜோடி பனி விளக்கு. ஃபாக் லேம்ப் என்று கேளுங்கள். அகலமாக, தட்டையாக, கீழ்நோக்கி வெளிச்சம் விழும் வகை. ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பரில் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 55 வாட் என்றால் தனி ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ்.

இதனால் இரண்டு லாபம். கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் நேராகப் பள்ளத்தாக்கைப் பார்க்கும், ரோடோ பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அகல வெளிச்சம் அந்தத் திருப்பத்தைக் காட்டும். மார்கழி, தை மாதப் பனியில், மேலிருந்து அடிக்கும் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். கீழேயிருந்து போகும் வெளிச்சம் பனிக்கு அடியில் ரோட்டைத் தொடும். பனியில் பிரைட் போடவே கூடாது என்பதும் இதனால்தான்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று பலரும் நம்புகிறோம். பிரான்சில் 1936-ல் சட்டமே போட்டு 1993 வரை எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட் வைத்திருந்தார்கள். உண்மையில் பனித்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூச்சம் குறைவு, அவ்வளவே. நிறத்தைவிட, விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதே முக்கியம்.

கூரை மேல் லைட் பார்? வேண்டாம். பானட்டில் பட்டுக் கண் கூசும். பனியில் வெள்ளைச் சுவர் எழுப்பும். எதிரே வருபவரைக் குருடாக்கும். சட்டமும் இடம் தராது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 111, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடுதான் முடியும். விளக்கு மாட்டும் கம்பித் தடுப்பான புல் பாருக்கும் 2017-ல் மத்திய அரசு தடை அறிவித்துவிட்டது. வண்டியில் எதைக் கூட்டுவதாக இருந்தாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காப்புக்காடு ஓரத்தில் சர்ச் லைட்டோடு போனால், வேட்டைக்கோ என்ற சந்தேகமும் வரும். சாமை மூட்டையோடு வனச்சாவடியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூட்டை ஏற்றி இறக்க, பின்பக்கம் கீழ்நோக்கிய சிறு வேலை விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். வண்டி நகரும் முன் அணைத்துவிட வேண்டும். பின்னால் வருபவருக்கு நம் வண்டியின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்ற குழப்பம் வரக்கூடாது.

வேகமும் ஒரு விளக்குதான்

டிம் வெளிச்சத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 50 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 17 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 10 மீட்டர். ஆக 27. இதுவே 60 கிலோமீட்டர் என்றால் சுமார் 45 மீட்டர். இது காய்ந்த சமரோட்டுக் கணக்கு. பாரத்தோடு ஈர இறக்கத்தில் இன்னும் நீளும். தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இரவுக்கான வேகம். அதற்கு மேல் ஓட்டினால் எந்த விளக்கும் காப்பாற்றாது.

நம் மலையின் இருட்டு

ஆலங்காயம் பக்கம் ஏறினால் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1960-களின் இறுதியில் ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கியது. 1986-ல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி வந்தது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இவ்வளவு இடம் இருக்க இந்த மலைக்கு வந்ததன் முக்கியக் காரணங்களில் ஒன்று, நகர வெளிச்சம் எட்டாத இருட்டு. வானத்தைப் பார்த்து வீணாகும் ஒவ்வொரு விளக்கும் அந்த இருட்டைக் கொஞ்சம் கரைக்கிறது. விளக்கு ரோட்டைப் பார்த்தால் நமக்கும் நல்லது, எதிரே வருபவருக்கும் நல்லது, அந்தத் தொலைநோக்கிக்கும் நல்லது.

வாசகர் கேள்விகள்

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?

கூச்சம் கொஞ்சம் குறையும், நம் வெளிச்சமும் சேர்ந்து குறையும். வானம் பார்க்கும் விளக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவது, உடைந்த மதகில் வைக்கோல் அடைப்பது போல. குறியைச் சரிசெய்வதுதான் தீர்வு.

ஓடையைக் கடக்கும்போது விளக்கில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. என்ன செய்வது?

சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். இறங்கும் முன் சிறிது நேரம் நிறுத்தி, பம்பர் விளக்கை அணைத்து ஆறவிடுங்கள். புதிதாக வாங்கினால் ஐ.பி. 67 என்று குறித்ததாக வாங்குங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

களத்தில் வேலை விளக்கு போட்டால் பூச்சி மொய்க்கிறது. தவிர்க்க முடியுமா?

விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சி பிடிக்கிறோம் அல்லவா, அதே காரணம்தான். நீலமும் புற ஊதாவும் கலந்த ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும். மஞ்சள் நிற விளக்குக்கு வரத்து குறையும். களத்து வேலை விளக்கை மஞ்சளாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஜீப் இல்லை. டிராக்டர் டிரெய்லரும் மாட்டு வண்டியும்தான். எங்களுக்கு ஏதாவது?

உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்ப்பதைவிட, உங்களைப் பிறர் பார்ப்பதுதான் உயிரைக் காக்கும். ஒளி திருப்பும் ஸ்டிக்கர் வாங்கி, பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் என ஒட்டுங்கள். மாட்டு வண்டியின் சட்டத்திலும் ஒட்டுங்கள். கரும்பு, வைக்கோல் பாரம் அதை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட ஜமுனாமரத்தூர் நண்பருக்கு: லைட் பாருக்கு எடுத்து வைத்த பணத்தை அப்படியே வைத்திருங்கள். முதலில் துடையுங்கள், எர்த் பாருங்கள், ரிலே வையுங்கள், சுவரில் கோடு போட்டுக் குறி வையுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் வளைவில் குறை தெரிந்தால் ஒரு ஜோடி பனி விளக்கு. மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குங்கள். எதிரே ஒரு பைக் வந்தால், அவர் டிம் அடிக்கட்டும் என்று காத்திராமல் நீங்கள் முதலில் இறக்குங்கள். அந்தப் பைக்கிலும் ஒரு மூட்டை இருக்கும், ஒரு குடும்பம் இருக்கும்.